மலிவு விலை வீடு: காரணத்தைக் கேளுங்கள்!

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், செருப்பைத் தேடி எடுப்பதற்குள் கையில் ஒரு நோட்டீஸ் திணிக்கப்படுகிறது. சென்னைக்கு மிக அருகில், பள்ளிவாசல், மதரஸா வசதியுடன், மலிவு விலையில் மனைகள், வீடுகள்! பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று காத்திருக்கும் சிறு வணிகருக்கும், 'பாய்களுக்கு வீடு இல்லை' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய இளைஞனுக்கும் அந்த நோட்டீஸ் இனிக்கத்தான் செய்யும். சொந்த வீடு அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. அது மானப் பிரச்சினை. இதை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அவசரத்தில் இருப்பவனிடம்தான் எதையும் எளிதில் விற்க முடியும். மலிவு என்றால் ஏன் மலிவு என்று நாம் கேட்கிறோமா?

சில பகுதிகள் கெட்ட பெயரால் மலிவாகக் கிடைக்கின்றன. வட சென்னை என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மிலும் உண்டு. 2019 பிப்ரவரியில் மண்ணடியில் மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதே பாதை விம்கோ நகர் வரை நீண்டது. மண்ணடியில் கடையை அடைத்துவிட்டு ஏறினால் ஒரே வண்டியில் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ இறங்கலாம். தென் சென்னையின் பகட்டுக்கு ஆசைப்பட்டு, தினமும் மூன்று மணி நேரத்தைப் பேருந்தில் கழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஊரார் இளக்காரம் செய்யும் தெருவில் வீடு வாங்குவது நமக்கு இழுக்கல்ல. எண்ணூர், மணலி பக்கம் மட்டும் சற்று நிதானம் தேவை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே வீடுகளுக்குள் புகுந்தது வெறும் தண்ணீர் அல்ல, எண்ணெய் கலந்த தண்ணீர்.

வேறு சில இடங்களின் மலிவுக்குக் காரணம் தண்ணீர். முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பரில் பட்ட பாட்டை நாடே பார்த்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் 2023 மிக்ஜாம் புயலில் மீண்டும் மூழ்கின. ஏரியும் சதுப்பு நிலமும் இருந்த இடத்தில் வீடு கட்டினால் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வரத்தான் செய்யும். மனையைக் கோடையில் போய்ப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தத் தெருவின் டீக்கடைக்காரரிடம் இரண்டு வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

இன்னும் சில இடங்களின் மலிவுக்குக் காரணம் பத்திரத்தில் ஒளிந்திருக்கிறது. நம் சமுதாயம் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, வாயில்லாப் பூச்சிகளாய் எத்தனை பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்! 2017இல் வரன்முறை விதிகள் வந்தும் அலைச்சல் தீரவில்லை. இன்று ரெரா சட்டம் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடியோ பதிவு இல்லாமல் விளம்பரம் செய்வதே குற்றம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுக்க அனுமதிக்கும் ஜமாஅத் நிர்வாகிகள் அதில் ரெரா எண் இருக்கிறதா என்று ஒரு தடவையாவது பார்க்கக் கூடாதா?

'விற்பவர் நம்மவர்தானே' என்ற நம்பிக்கை மற்றொரு படுகுழி. வில்லங்கச் சான்றில் பதிவான விவரங்கள் மட்டுமே வரும். முஸ்லிம்களின் ஹிபா வாய்மொழியாகவே செல்லும் என்பதால் அது அதில் வராமலே போகலாம். மூத்த மகன் ஒருவனே கையெழுத்திட்டு விற்கும் வீட்டில் அவனுடைய தாயின் பங்கும் சகோதரிகளின் பங்கும் அப்படியே நிற்கும். எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டார்களா என்று பாருங்கள். வக்ஃபு நிலம் என்றால் பேச்சே வேண்டாம். அதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

பணத்துக்கு வருவோம். வட்டிக் கடன் நமக்கு வழியல்ல. அதனால் வணிகர்கள் பலர் கடையின் முதலை உருவி வீட்டில் போட்டுவிடுகிறார்கள். இதை நாம் வன்மையாக எதிர்க்கிறோம். சரக்கு சுழலாத கடை ஆறு மாதம் தாங்காது. கடை போனால் வீடும் விலைக்கு வரும், அதுவும் அடிமாட்டு விலைக்கு! பத்திரச் செலவையும் மறந்துவிடாதீர்கள். வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஒன்பது சதவீதம். 40 லட்ச ரூபாய் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம் தனியாக வேண்டும். இரண்டு சகோதரர்கள் சேர்ந்து சிறிய வீடாக வாங்கலாம். கட்டடம் உயர உயரப் பணம் கட்டும் திட்டத்தில் சேரலாம். இரண்டும் இயலாதென்றால் இன்னும் இரண்டு ஆண்டு வாடகையில் இருப்பதில் எந்தக் கேவலமும் இல்லை.

வளைகுடாவில் வியர்வை சிந்தும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அனுப்பும் பணத்தில் வாப்பா பெயரில் வீடு வாங்குவது நம் வழக்கமாகிவிட்டது. அவருடைய மௌத்துக்குப் பிறகு அந்த வீடு அவர் விட்டுச் சென்ற சொத்து. அதில் உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் அல்லாஹ் விதித்த பங்கு உண்டு. அப்போது எழுந்து 'இது என் பணம்' என்று கத்தி, சகோதரிகளின் முகத்தில் விழிக்க முடியாமல் போன குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெற்றோருக்குக் கொடுப்பதாக இருந்தால் மனமுவந்து கொடுத்துவிடுங்கள். உங்களுக்கென்று வாங்குவதாக இருந்தால் உங்கள் பெயரில் வாங்குங்கள். எது என்பதைப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே வாப்பாவிடமும் சகோதரிகளிடமும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.