ஒளிப்பதிவாளரின் பெயரையும் படியுங்கள்

ஜெர்மானியத் திரைப்பட வரலாற்றைக் கற்பிக்கும்போது 1945ஆம் ஆண்டை நாம் ஒரு சுவராக எழுப்பிக்கொள்கிறோம். அதற்கு முன் நாஜிகளின் பரப்புரைப் படங்கள். பின்னர், இடிபாடுகளின் நடுவே எடுக்கப்பட்ட மனச்சான்றின் படங்கள். இயக்குநர்களின் பெயர்களை மட்டும் படித்தால் இப்பிரிவினை ஓரளவு பொருந்தும். ஒளிப்பதிவாளர்களின் பெயர்களைப் படித்தால் சுவர் நிற்பதில்லை.

ஃப்ரீடில் பேன்-குருண்டை எடுத்துக்கொள்வோம். 1941 ஆகஸ்டில் வெளியான ‘நான் குற்றஞ்சாட்டுகிறேன்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவர். தீராநோயுற்ற மனைவிக்கு மருத்துவரான கணவர் நஞ்சளிப்பதைக் கருணையாகச் சித்திரிக்கும் படம் அது. அதே மாதத்திற்குள் நாஜி அரசு மாற்றுத்திறனாளிகளும் மனநோயாளிகளுமாக 70,000க்கும் மேற்பட்டோரை நச்சுவாயுவால் கொன்றிருந்தது. அக்கொலைகளை மக்கள் ஏற்கும்படி செய்வதே படத்தின் பணி.

ஐந்தே ஆண்டுகள் கழித்து, சோவியத் ஆட்சிப் பகுதியில் தொடங்கப்பட்ட டெஃபா நிறுவனத்தின் முதல் படமான ‘கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்’ வெளிவந்தது. ஒளிப்பதிவு: பேன்-குருண்ட், ஓய்கன் கிளாகமன். 1947இல் இதே இருவரும் ‘நிழலில் ஒரு திருமணம்’ படத்தையும் ஒளிப்பதிவு செய்தனர். யூத மனைவியைப் பிரிய மறுத்து, 1941 நவம்பரில் மனைவி மகனோடு உயிர்நீத்த நடிகர் யோவாகிம் கோட்ஷால்க்கின் வாழ்வைத் தழுவியது அது. அந்த மரணத்திற்கும் முதலில் சொன்ன படத்தின் வெளியீட்டிற்கும் இடையே மூன்று மாதங்கள்கூட இல்லை. 1957இல் பேன்-குருண்ட் மேற்கு ஜெர்மனியில் ‘ஃபெலிக்ஸ் குருல்’ படத்தின் ஒளிப்பதிவாளர்.

‘அவர் வெறும் தொழில்நுட்பக் கலைஞர்தானே’ என்பர். சட்டமும் ஏறத்தாழ அவ்வாறே கருதியது. ‘யூதன் சூஸ்’ படத்திற்காக நீதிமன்றம் ஏறியவர் இயக்குநர் ஃபைட் ஹார்லான்; அவரும் விடுவிக்கப்பட்டார். அதன் ஒளிப்பதிவாளர் புரூனோ மோண்டியோ 1955இல் ‘சிஸ்ஸி’யின் அரண்மனைகளை வண்ணத்தில் படம்பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் பரப்புரை வசனத்தில் மட்டுமா வாழ்கிறது? நோயுற்ற முகத்தின்மீது விழும் ஒளிதான் பார்வையாளரின் இரக்கத்தைத் திரட்டுகிறது. அந்த இரக்கமே கொலைக்கு இசைவாகிறது. எனில், ஒளியமைத்தவர் வாதத்திற்கு வெளியே நின்றவர் அல்லர்.

இறந்துபோன ஒருவரைக் கூண்டிலேற்றுவது என் நோக்கமன்று. கொலையைக் கருணையாக்கிய அதே கைத்திறன்தான் கொலைகாரர்களை அடையாளங்காட்டவும் பயன்பட்டது என்பதை ஒப்புக்கொள்வதே நோக்கம். ஆட்சிகள் ஒரே நாளில் வீழலாம். கைகளும் கண்களும் பயிற்சியும் அப்படி மாறுவதில்லை. ‘சுழிய நேரம்’ என ஜெர்மானியர் அழைத்த புதிய தொடக்கம் படப்பிடிப்புத் தளத்தில் நிகழவேயில்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, ஒரு படத்தைப் பற்றி எழுதுமுன் பெயர்ப் பட்டியலை இறுதிவரை படியுங்கள். இயக்குநருக்கு அடுத்த வரியில்தான் பல வேளைகளில் வரலாறு தொடர்கிறது.