டிரைவர் சீட் யார் செலவு?

போன மாதம் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த பையன் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பாவின் லாரிகளை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். எஃப்சி வேலை முடிந்து பட்டறையிலிருந்து வந்த வண்டியை செல்போனில் காட்டினார். புது பெயிண்ட், நெற்றியில் குலசாமி பேர், பின்னால் வரிசையாகச் சிவப்பு விளக்கு. கேபினுக்குள் பளபளவென்று மெரூன் கலர் ரெக்சின் சீட்.

"குஷனும் மாத்தியாச்சுங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"அது எதுக்குங்க மாமா? கவர்தான் கிழிஞ்சிருந்துச்சு. உள்ளே எப்படி இருந்தா யாருக்குங்க தெரியப் போகுது?"

உட்காருகிறவருக்குத் தெரியும். கல்யாண வீடாயிற்றே என்று பேசாமல் வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி? நான் லாரி ஓட்டியவன் அல்ல. முப்பத்தோரு வருஷம் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதியவன். டீசல், பஞ்சர், கிரீஸ், ஏற்றுக்கூலி, படி என்று டிரைவர்கள் கொண்டுவரும் வழிச்செலவுக் கணக்கை வரிவரியாகப் பார்த்துச் சிவப்பு மையில் அடிப்பதுதான் என் வேலை.

1997 வாக்கில் நாசிக் போய்த் திரும்பிய ஒரு டிரைவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், 650 ரூபாய்க்கு ஒரு பில் வைத்தார். டிரைவர் சீட்டுக்குப் புதுக் குஷன். நான் அதை அடித்துவிட்டு ஓரத்தில் "டிரைவர் சொந்தச் செலவு" என்று எழுதினேன். அதே வண்டிக்குப் பூவேலை செய்து பேர் எழுதிய பெயிண்டருக்கு அதே வாரம் 1,200 ரூபாய் பாஸ் செய்திருந்தேன், மறுபேச்சில்லாமல்.

"ஏனுங்க சார், அந்த சீட்டை நான் ஊட்டுக்கா தூக்கீட்டுப் போகப் போறேன்?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லாமல் அடுத்த பில்லை எடுத்தேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஐம்பது வயதுக்கு முன்பே அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார். இடுப்பு வலி. குஷன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ரோடு, பாரம், தூங்காத ராத்திரி எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் என் சிவப்பு மைக்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு லாரி சீட் எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். நம் நாட்டில் டிரைவர் வலதுபக்கக் கதவு வழியாக ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் தொடை உரசுவது குஷனின் வலது ஓரத்தில். அதனால் அந்த ஓரம் முதலில் அமுங்கும், கவரும் அங்கேதான் முதலில் கிழியும். ஓரம் அமுங்கினால் இடுப்பு வலதுபக்கம் சாயும். அதை நிமிர்த்தப் பகலெல்லாம் முதுகு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். வலதுபக்கம் மட்டும் துண்டை மடித்துச் செருகியிருப்பதை எத்தனையோ கேபினில் பார்த்திருக்கிறேன். சொகுசுக்காக வைத்த துண்டு அல்ல அது.

உள்ளே செத்த குஷனை அப்படியே விட்டு மேலே புது ரெக்சின் தைப்பது, தேய்ந்த டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போடுகிற வேலை. டயரில் அப்படிச் செய்தால் நம் ஓனர்கள் பட்டறைக்காரரைச் சும்மா விடுவார்களா?

நொடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் குலுக்கும் அதிர்வுதான் உட்கார்ந்திருக்கும் உடம்பை அதிகம் பாதிக்கிறது. முதுகெலும்பு அந்த வேகத்தில் தானும் சேர்ந்து ஆடும். ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே, எட்டு மணி நேர வேலைக்கு இவ்வளவு அதிர்வுதான் இருக்கலாம் என்று அளவு நிர்ணயித்து, அதைக் கவனிப்பது முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. நம்மிடமும் 2025 வரை 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இருந்தது. அதன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை. நீண்ட தூரத்துக்கு அனுமதி வாங்கினாலும் 10 மணிக்கு மேல் கூடாது என்றது அது. நான் கணக்குப் பார்த்த டிரிப்புகளில் அந்த எல்லையில் நின்ற நாட்கள் குறைவு.

இதைச் சொன்னால் மூன்று பதில் வரும்.

"சுகமா உட்கார்ந்தா தூங்கிடுவாங்க." தூக்கம் வருவது தூங்காததால், குஷனால் அல்ல. இதைச் சொல்லும் ஓனர் ஆபீசில் மெத்தென்ற சுழல் நாற்காலியில் விழித்துக்கொண்டுதானே இருக்கிறார்?

"டிரைவர் மாறிக்கிட்டே இருக்காங்க, யாருக்குன்னு போடறது?" டிரைவர் மாறுவார்; சீட் வண்டியோடுதான் இருக்கும். டிரைவர் கிடைப்பதில்லை என்று நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு முழுக்க ஒரே புலம்பல். வருகிறவர் முதலில் கை வைத்து அழுத்திப் பார்ப்பது அந்த சீட்டைத்தான்.

"அதுதான் கவர்மெண்டே ஏசி போடச் சொல்லிடுச்சே." சரி, நல்ல சட்டம். ஆனால் அது 2025-இல் விதி அமலான பிறகு தயாராகும் வண்டிகளுக்கு. அதற்கு முன் வாங்கிய வண்டிகள் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும். தவிர, ஏசி காற்றைக் குளிர வைக்கும், இடுப்பைத் தாங்காது.

பாடி கட்ட நாமக்கல்லுக்கும், போர்வெல் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோட்டுக்கும் வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். அந்தத் தொழில் தெரிந்த ஊருக்கு ஒரு சீட் செய்யத் தெரியாதா? தெரியும். பில் யார் பேரில் என்பதுதான் தகராறு.

நான் சொல்வது சின்ன விஷயம். பிரேக் லைனிங் எழுதும் பக்கத்திலேயே டிரைவர் குஷனையும் எழுதுங்கள். எட்டு வருஷம் ஆகாத வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருஷாவருஷம் எஃப்சி வருகிறது. அப்போது கவரைக் கழற்றிக் குஷனைக் கை முஷ்டியால் அழுத்திப் பாருங்கள். எடுத்தவுடன் எழும்பாவிட்டால் தூக்கிப் போடுங்கள். புதிதாகப் போடும்போது அடியில் கெட்டியான ஃபோம், மேலே கொஞ்சம் மெத்தென்று. முழுக்க மெத்தென்று போட்டால் ஆறு மாதத்தில் பள்ளம் விழும். தைப்பதற்கு முன் அந்த வண்டியை ஓட்டுகிறவரையே உட்கார வைத்து அளவு கேளுங்கள்.

கல்யாணத்தில் பார்த்த தம்பிக்கும் ஒரு வார்த்தை. ஹெவி லைசென்ஸ் இருந்தால், லோடு ஏற்றிய பிறகு அந்த மெரூன் சீட்டில் நீங்களே உட்கார்ந்து சேலம் வரை ஓட்டிப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். உங்கள் டிரைவர் அதே சீட்டில் எவ்வளவு தூரம் போகிறார் என்பது உங்கள் டிரிப் கணக்கிலேயே இருக்கிறது.