பரணில் உறங்கும் வெண்கலம்

குடியாத்தத்துத் தறிக்காரர் வீடுகளிலும் பாலாற்றங்கரை ஊர்களின் பழைய மனைகளிலும், பாட்டிமார் சீராகக் கொணர்ந்த வெண்கலக் கும்பாக்களும் பித்தளைத் தவலைகளும் பரணேறிக் கிடக்கின்றன. அவற்றை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியோர் பலர். அயற்பெயரோடு ஏனம் வந்தது. கும்பா, வட்டில், கெண்டி என்னும் சொற்களோ வழக்கொழிந்து வருகின்றன. இன்று சிலர் பழங்கலங்களைத் தேடித் தொகுக்கின்றனர், நன்றே. ஆயின், மினுக்கிக் கூடத்தில் நிறுத்துவது மட்டும் கலத்தைக் காப்பதாகாது. கலம் உண்பதற்கன்றோ!

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் இரீ அகழ்ந்தபோது, தாழிகளோடு வெண்கலக் கிண்ணங்களும் வெளிப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் ஐந்திலொரு பங்குக்கு மேல் வெள்ளீயம் கலந்துள்ளது. அத்துணைப் பழைமையது இக்கைத்திறன்.

பயன்கொள்வோர் ஒன்று கருதவேண்டும். புளிப்பு, செம்பையும் பித்தளையையும் அரித்துக் களிம்பேற்றும். உள்ளே வெள்ளீயம் பூசிய பின்னரே குழம்பு வைத்தல் வேண்டும். காரீயமோ நஞ்சு, பூசுவது எவ்வீயம் என்று கேட்டறிக. நவச்சாரப் புகையெழ ஏனத்தைக் காய்ச்சி ஈயம் பூசும் கைவினைஞர் தெருவில் வருவது அருகிவிட்டது. வருபவரைத் திருப்பி அனுப்பாது, ஒரு தவலையையாவது இறக்கி அவர்முன் வையுங்கள்.