மத்தளமும் மென்பொருளும்

மன்னார்த் தீவில் ஒலிப்பதிவு செய்யப் புகுவோர்க்கு முதற்பகை காற்று. சோளகம் எழுந்துவிட்டால் பனையோலையும் சும்மா இராது. பாடுபவர் குரல் ஒலிவாங்கிக்கு எங்ஙனம் எட்டும்? இலங்கை மின்சார சபை இத்தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நாட்டியது இக்காற்றை நம்பியே. மின்சாரத்துக்கு வரமாக வந்தது பாட்டுக்குச் சாபமாயிற்று.

ஆயினும் அங்கே பதிவு செய்யவேண்டிய பாட்டு மிகுதி. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகையாய் வழங்கும் மன்னார் நாட்டுக்கூத்தை நேயர்கள் அறிவர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் ‘என்றிக் எம்பரதோர்’ முதலான நாடகங்களை அச்சேற்றித் தந்தார்கள். பெருந்தொண்டு அது. ஆனால் அச்சேறியது சொல், மெட்டு ஏறவில்லை. விருத்தத்தை எவ்விடத்தில் இழுப்பது, மத்தளத்துக்கு எவ்விடத்தில் வழிவிடுவது என்பவையெல்லாம் அண்ணாவிமாரின் தொண்டையிலும் காதிலுமே குடியிருக்கின்றன. போரும் இடப்பெயர்வும் எத்தனை வீடுகளின் கையெழுத்துப் பிரதிகளையும் ஒலிநாடாக்களையும் கொண்டுபோயினவோ! மிஞ்சியவற்றை உப்புக்காற்று தின்கிறது. எண்பதைக் கடந்த ஓர் அண்ணாவியார் கண்மூடினால் ஒரு கூத்தின் பாதி அவருடனேயே போய்விடும்.

பதிவுக்கூடத்துக்குப் பணம் ஏது என்பர் சிலர். அந்தச் சாக்கு இனிச் செல்லாது. 1999இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மாசோனி, ரோஜர் டானன்பர்க் என்னும் இருவர் ‘ஓடாசிட்டி’ என்ற மென்பொருளைத் தொடங்கி, 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டனர். அதற்கு விலையில்லை. அதனினும் மேலானது அதன் மூலநிரல் திறந்து கிடப்பது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குப் பிரதியெடுத்தும் கொடுக்கலாம். திருட்டுப் பிரதிகளைக் கூச்சமின்றி வழங்கப் பழகிய நம் இளைஞர் பலர் இந்த நேர்வழியை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

பொழுதுபோக்காளர் கூடிச் சாதிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1920களில் எட்வேர்ட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு கொழும்புத் தந்தி அலுவலகத்தில் ஒலிபரப்பிப் பார்த்தார். ஆர்வலரைச் சேர்த்து வானொலிக் கழகமும் கண்டார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி பிறந்தது.

பேசாலையிலோ தலைமன்னாரிலோ விடுமுறை நாளொன்றில் பத்து மாணவரைக் கூட்டினால் போதும். கணினி ஒன்றிரண்டு, கைத்தொலைபேசிகள், நல்ல ஒலிவாங்கி ஒன்று. முதற் பாடம் கணினியில் அன்று, வேலியோரத்தில் நடக்கட்டும். ஒரே சீராய் இரையும் மின்விசிறியின் ஓசையை ஓடாசிட்டி ஓரளவு நீக்கும்: ஓசை மட்டும் உள்ள சில விநாடிகளை முதலில் அதற்குக் காட்டி, பின்னர் பதிவு முழுவதிலும் அதனைக் குறைக்கச் சொல்லவேண்டும். ஆதலால் பாட்டுத் தொடங்குமுன் சிறிது நேரம் அனைவரும் வாய்மூடியிருந்து பதிவது நலம் (கூத்துக் கொட்டகையில் இதுவே கடினமான காரியம்!). ஆனால் விட்டுவிட்டு மோதும் சோளகத்துக்கு இந்த வித்தை பலியாது. சுவரின் மறைவும் ஒலிவாங்கிக்கு ஒரு பஞ்சுறையுமே அதற்கு மருந்து.

அடுத்தது மத்தளம். மிக ஓங்கிய அடியை முன்கூட்டியே அடிக்கச்செய்து, ஒலிமானி உச்சத்தைத் தொடாதபடி அளவை இறக்கிவைக்க வேண்டும். உச்சத்தில் வெட்டுண்ட ஒலியைப் பின்னர் எவராலும் முழுமையாக மீட்க இயலாது. தாழ்ந்த குரலைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். மூலப்பதிவைச் சுருக்காத ‘வேவ்’ கோப்பாகவே காக்கவேண்டும். ‘எம்பி3’ நண்பருக்கு அனுப்பமட்டும்.

பதிவு யாருக்குரியது என்பதையும் அன்றே பேசித் தீர்த்தல் வேண்டும். அண்ணாவியாரின் சம்மதத்தை அவர் குரலிலேயே முதலில் பதிந்துகொள்ளலாம். ஒரு பிரதி அவர் வீட்டிற்கு, ஒன்று ஊர் நூலகத்திற்கு, ஒன்று தீவுக்கு வெளியே; நூலகம் நிறுவனம் போன்றோர் இத்தகைய ஆவணங்களை எண்ணிமத்தில் பேணிவருகின்றனர். பொதுவில் வெளியிடுவதா வேண்டாமா என்பதைப் பாடியவரே சொல்லட்டும். மென்பொருள் திறந்தது என்பதற்காக அவர் பாட்டும் திறந்துவிட்டதென்று மாணவர் எண்ணலாகாது.