தெளிப்பவருக்கு எட்டாத சட்டம்

புது தில்லி: பூச்சிக்கொல்லி தயாரிக்கும் ஆலையில் பணிபுரிபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அதே மருந்தை வயலில் கூலிக்குத் தெளிப்பவருக்குக் கிடைப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ல் நிகழ்ந்த மரணங்கள் இந்த முரண்பாட்டை வெளிப்படுத்தின.

அந்த ஆண்டு பருத்திச் செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தன. தலைக்கு மேல் தெளித்த மருந்து முகத்திலும் மார்பிலும் படிந்தது. பல மருந்துகளைக் கலந்து தெளித்ததும் நஞ்சின் வேகத்தைக் கூட்டியது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இவர்களில் கணிசமானோர் தினக்கூலித் தொழிலாளர்கள்.

1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி, ஆலைத் தொழிலாளர்களுக்கும் வணிக முறையில் மருந்து தெளிப்போருக்கும் பணிக்கு முன்பும் பின்னர் குறிப்பிட்ட கால இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். ஒரு நாள் ஒரு வயலிலும் மறுநாள் வேறு வயலிலும் வேலை செய்யும் கூலித் தொழிலாளி நடைமுறையில் இந்த ஏற்பாட்டுக்குள் வருவதே இல்லை. அவரை அமர்த்தும் சிறு விவசாயியோ கடனில் தவிப்பவர். கையுறையும் முகக்கவசமும் வாங்கித் தரும் நிலையில் அவரும் இல்லை.

இழப்பீட்டிலும் இதே நிலைதான். யவத்மாலில் உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு தலா ரூ.2 லட்சம் அறிவித்தது உண்மை. ஆனால், அது தனி அறிவிப்பு. மாநிலத்தின் விவசாயிகள் விபத்து உதவித் திட்டம் நில உரிமையாளருக்கும் அவரது குடும்பத்தினருக்குமானது; நிலமற்றவருக்கு அதில் இடமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் விவசாயத் தொழிலாளர்கள் 14.4 கோடி, சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்வோர் 11.9 கோடி மட்டுமே.

மாநிலங்களின் அதிகாரமும் குறுகியது. 1968-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆபத்தான மருந்தை 60 நாள்களுக்கு மாநில அரசு தடை செய்யலாம். மேலும் 30 நாள்கள் நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் உள்ளது. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலைத் தடை செய்யும் ஆணை, யவத்மால் சம்பவத்துக்கு ஆறு ஆண்டுகள் கழித்து 2023-ல்தான் வந்தது. பழைய சட்டத்தை மாற்ற 2008-லும் 2020-லும் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதாக்கள் சட்டமாகவில்லை.

புதிய சட்டத்துக்குக் காத்திராமலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நஞ்சு பாதிப்புகளைக் கட்டாயமாகத் தெரிவிக்க உத்தரவிடும் அதிகாரம், இப்போதுள்ள சட்டத்தின் 26-வது பிரிவிலேயே மாநிலங்களுக்கு உள்ளது. பாதிப்பு பதிவானால்தான் எந்த மருந்து, எந்தப் பயிர், எத்தனை பேர் என்பது தெரியவரும். விற்று லாபம் ஈட்டும் நிறுவனங்களிடம் பாதுகாப்புச் செலவைக் கேட்கவும் ஆதாரம் கிடைக்கும். கணக்கில் வராத மரணத்துக்கு அரசுகள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எழுவதில்லை.