வானொலியும் கேள்விச் செல்வமும்

வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓரதிகாரமும் கல்லாமைக்கு ஓரதிகாரமும் வகுத்து, அவற்றை அடுத்துக் கேள்விக்கும் ஓரதிகாரம் வகுத்தார். கற்றார்க்கும் கல்லார்க்கும் பொதுவாய செல்வம் கேள்வியே என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். நூல்கள் அருகிய வன்னிக் கிராமங்களில் அச்செல்வத்தை வழங்கிய கருவிகளுள் வானொலி தலையாயது. அதனைத் தெரிவதிலும் கையாள்வதிலும் நாம் இன்று கொண்டுள்ள போக்குச் செம்மையானதன்று என்பதே ஈண்டு யான் கூற விழைவது.

யான் மாணவனாயிருந்த 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையாற் பற்றரியும் கிடைத்தற்கரிது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோ தந்த மின்னிற் செய்தி கேட்டோம். சுழற்றுவோர் கை சோர்ந்தாற் குரலும் சோரும். ஆதலின், எதனைக் கேட்பது, எத்துணை நேரம் கேட்பது என்பவற்றை முன்னரே தீர்மானித்தோம். கேட்கும்போது வேறெதுவும் பேசியதில்லை.

நிற்க. போர் 2009இல் ஓய்ந்தபின் மின்சாரம் வந்தது. வீடுகளில் ஸ்ரீரியோப் பெட்டிகளும் வந்தன. அவற்றோடு இணைப்பதற்கு ரியூனர் வாங்குவோரும் உளர். ரியூனர் என்பது அலையைத் தெரிந்து வாங்கும் கருவி மாத்திரமே, தானே ஒலியாது. அதன் ஒலியை அம்பிளிபயர் பெருக்க, ஒலிபெருக்கி நம் செவிக்குத் தரும். இதனை வாங்குவோர் முகப்பின் பளபளப்பை நோக்குகின்றனரேயன்றி, இடத்துக்குப் பொருந்துமா என நோக்குவதில்லை.

யானும் அவ்வாறு ஏமாந்தவனே. அயல்நாட்டு உறவினர் ஒருவர் அன்போடு அனுப்பிய ரியூனர், யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்த பழையதொன்று. அது 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையே ஏற்கும். நம் நாட்டுப் பண்பலை ஒலிபரப்புகளோ 88க்கும் 108க்கும் இடைப்பட்டவை. அன்றியும், அது 100 வோல்ற்றில் இயங்குவது. நம் வீட்டு மின்னோ 230 வோல்ற்று. அலுமாரியின்மேல் அஃது இன்றும் அழகுப் பொருளாய் வீற்றிருக்கின்றது.

வட அமெரிக்கக் கருவிகளிலும் இடர் உண்டு. அவற்றின் இலக்கமுறை ரியூனர்கள் மத்திய அலையில் 10 கிலோஹேட்ஸ் இடைவெளியிற் செல்வன. நம் பகுதியின் அலையெண்கள் 9இன் மடங்குகள். திருச்சி வானொலிக்குரியதென நாம் நெடுங்காலம் அறிந்த 936இல் அக்கருவி நில்லாது தாண்டிச் செல்லும். இடைவெளியை மாற்றும் ஆளி உள்ளதா என வாங்குமுன் பார்த்தல் வேண்டும்.

கருவி பொருந்தினும் ஏரியல் இன்றேல் பயனில்லை. ரியூனருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும் ஏரியலுக்கு ஒதுக்குக என்பேன். பண்பலைக்கு ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் அகலமுள்ள எளிய கம்பி ஏரியலே போதும். ஆயின், தகரக் கூரையின் கீழன்றி அதற்கு மேலே உயர்த்துதல் வேண்டும். 1990இற் போரில் அழிந்த கொக்காவிற் கோபுரம் 2011இல் மீள எழுந்து, ஏறக்குறைய 170 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. வேண்டிய நிலையம் எத்திசையிலிருந்து வருகின்றதென அறிந்து, ஏரியலைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் வைத்துப் பார்த்து, இரைச்சல் குறைந்த நிலையில் இறுக்குக. ஐப்பசி, கார்த்திகை மாதத்து இடிமுழக்கம் தொலைவிற் கேட்கத் தொடங்கும்போதே அதன் இணைப்பைக் கழற்றிவிடுதல் அறிவுடைமை.

ஸ்ரீரியோ ஒலிக்கு ஓரொலியினும் பன்மடங்கு வலிய அலை வேண்டும். இரைச்சல் மிகுந்தால் மோனோ ஆளியை அழுத்துக; இரைச்சல் அடங்கிச் சொல் தெளிவுறும். இரவில் மத்திய அலையிற் கடல் கடந்த தமிழ் கேட்க விரும்புவோர், எல்.ஈ.டி. விளக்கையும் கைப்பேசி மின்னேற்றியையும் சற்று நிறுத்திப் பார்க்க; இரைச்சலிற் பெரும்பகுதி நம் வீட்டுக்குள்ளேயே பிறப்பது தெரியவரும்.

கைப்பேசியில் உலகனைத்தும் ஒலிக்கும்போது ரியூனர் எதற்கென மாணவர் வினவுவர். வினா நியாயமானதே; தொலைநாட்டு நிலையங்களை யானும் கைப்பேசியிலேயே கேட்கின்றேன். ஆயினும், செவியில் மாட்டிய கருவி ஒருவர்க்கே பேசுகின்றது. ஒரு வீட்டில் நால்வர் நான்கு உலகத்தில் இருக்கின்றனர். முற்றத்தில் ஒலித்த வானொலி பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே செய்தியைத் தந்தது. அதுபற்றி இருவரும் உரையாடினர். வகுப்பில் ஐந்து நிமிடம் ஓருரையைக் கேட்டு அதன் பொருளை எழுதுமாறு பணித்தால் எம் மாணவர் பலர் இன்று இடர்ப்படுகின்றனர். அறிவுக் குறையன்று அது; கேட்கும் பழக்கத்தின் குறையே.

ஆகவே, பழைய மாணவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று. கல்லூரிக்குக் கருவி வழங்க விரும்பின், அனுப்புமுன் அலைவரிசை, மின்னழுத்தம், அலை இடைவெளி ஆகிய மூன்றையும் இங்குள்ளாரிடம் கேட்டறிக. பெட்டியோடு நல்லதோர் ஏரியலையும் சேர்த்தளிக்க. ஆசிரிய நண்பர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையைக் கேள்விக்கென ஒதுக்குக. கேட்டதை மாணவர் நினைவிலிருந்து எழுதட்டும். மாணவச் செல்வங்களே, ஆளியைத் திருப்புமுன் எதனைக் கேட்கப் போகின்றீர்கள் என உறுதிசெய்யுங்கள்; அது முடிந்ததும் நிறுத்துங்கள்.

அன்று கை சோர்ந்ததால் அளவோடு கேட்டோம். இன்று சுழற்றும் கை வேண்டியதில்லை. அளவை நாமே வகுத்தல் வேண்டும். கல்லூரி வாழ்க! கேள்விச் செல்வம் பெருகுக!