வாசற்படி ஏறி வந்த வட்டி

சேலம், நாமக்கல் பகுதியில் நமது மஹல்லாக்களிலும் பெண்கள் வாரந்தோறும் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிக் குழுக்கடனின் தவணையைச் செலுத்துகின்றனர். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். நகையோ நிலமோ ஈடில்லை. அண்டை வீட்டார்முன் தலைகுனிய நேருமே என்ற வெட்கமே ஈடு.

இம்முறை நம்மூரில் முளைத்ததன்று. வங்காள தேசத்தில் 1976-இல் முஹம்மத் யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983-இல் கிராமீன் வங்கியாயிற்று. நம் பகுதிக்கோ, ரோமாபுரியிலுள்ள சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் திட்டம் வந்தது. 1989-இல் தருமபுரியில் தொடங்கி, நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்திற்கும் அது விரிந்தது. முதலில் சேமிப்பு, பிறகே கடன் என்பது அதன் ஒழுங்கு. அதில் நன்மையே இல்லை என்று கூறமாட்டேன். வட்டி இருந்ததையும் மறைக்கமாட்டேன்.

பின்னர் வந்த கருத்துதான் கவனிக்கத்தக்கது. உலக வங்கியைச் சார்ந்து 1995-இல் அமைந்த ஆலோசனைக் குழு, ஏழைக்குக் கடன் தரும் நிறுவனம் நன்கொடையை நம்பாமல் தன் வருவாயிலேயே நிலைக்க வேண்டும் என்றது. வட்டிக்கு உச்சவரம்பு விதித்தால் ஏழைக்கே கேடு என்று அது வகுத்த கொள்கையை 2004-இல் ஜி-8 நாடுகளும் ஏற்றன. முதலீட்டாளர்கள் நுழைந்தனர், சேமிப்பு பின்தங்கிக் கடன் முந்திற்று. 2010-இல் ஒரு பெரு நிறுவனம் பங்குச் சந்தையை அடைந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே, கடனாளிகளின் தற்கொலைச் செய்திகளுக்கிடையே, ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது.

ரிசர்வ் வங்கி 2011-இல் 26 சதவீத உச்சவரம்பு விதித்தது. 2022 ஏப்ரல் முதல், கொடுவட்டியாகாத வரை நிறுவனங்களே விகிதத்தை நிர்ணயிக்கலாம். குடும்பத்தின் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்பதே காப்பு. பாதி! விசைத்தறிக் கூலியில் பாதி போனால் மீதியில் அரிசி வாங்குவதா, வாடகை கொடுப்பதா? பள்ளிபாளையத்தில் கடன் சுமையால் தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025-இல் நாடறிந்தது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க அவ்வாண்டே தமிழகத்தில் சட்டமும் வந்தது.

நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் பணிக்கிறது. வாரத் தவணையில் அந்த அவகாசத்திற்கு இடமேது?

“ஹஜ்ரத், ஹராமென்று தெரியும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு எங்கே போவேன்?” என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். வட்டியில்லாக் கடன் வழங்கும் பைத்துல்மால் ஒன்றைக் காட்டினேன். அங்கே நகை அடகும் ஆண் ஒருவரின் கையொப்பமும் கேட்டார்கள். கணவரை இழந்த அவரிடம் இரண்டும் இல்லை. கடன் நிறுவனத்தின் ஊழியரோ அவர் வாசலுக்கே வந்திருந்தார்.